இலவசப் பெயர் போய்விட்டது, வீட்டு ஐபியும் நிற்பதில்லை: சொந்த டைனமிக் டிஎன்எஸ் சர்வர் வைத்தவர்கள் வழி சொல்லுங்கள்

ஃப்ளாக்_தொட்டி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், வீட்டு நிலைமை தெரிந்தால்தான் சரியான பதில் சொல்ல முடியும்.

நான் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். அப்பா அம்மா ஃப்ளாக் பக்கம் எங்கள் பழைய வீட்டில், இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. மொரீஷியஸில் இருப்பவர்களுக்குத் தெரியும், மழை இல்லாத மாதங்களில் குழாய்த் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும், வரும்போது கீழ்த்தொட்டியில் பிடித்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். அப்பா முழங்கால் வலியோடு இரும்பு ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்ப்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மாடித் தொட்டியில் ஒரு அளவுமானி வைத்து, அதை ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினி ஒன்றில் இணைத்து, மோட்டாருக்கு ஒரு ரிலேயும் போட்டேன். அலுவலகத்தில் இருந்தபடி போனில் பார்ப்பேன், தண்ணீர் குறைந்திருந்தால் மோட்டாரைப் போடுவேன். இரண்டு வருடம் நன்றாக ஓடியது.

வீட்டு இணைப்பின் ஐபி முகவரி நிலையாக இருப்பதில்லை. ரவுட்டர் அணைந்து எழுந்தால் மாறிவிடும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது கரண்ட் போய்த் திரும்பியதும் புது முகவரி, அப்போது, மாறும் முகவரியை மாறாத ஒரு பெயரோடு இணைத்துத் தரும் ஒரு இலவச டைனமிக் டிஎன்எஸ் சேவை கைகொடுத்தது. ஆனால் அந்தச் சேவையில் மாதம் ஒரு முறை அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலில் போய் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். இந்த வருடம் அந்த மின்னஞ்சல் வந்தது காவடி விரதம் பத்து நாளுக்கு நடுவில். நான் வேலைக்கு விடுப்பு போட்டு கோயிலும் வீடுமாக இருந்தேன், அஞ்சல் பெட்டியைத் திறக்கவே இல்லை. தைப்பூசத்தன்று காவடி இறக்கி வந்து, வீடு நிறைய உறவினர்கள், வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறிக்கொண்டிருக்கும்போது மாடித் தொட்டி காலி. போனை எடுத்துப் பார்த்தால் பெயரே கிடைக்கவில்லை என்கிறது. பழகிப்போன பெயரை நம்பி மோட்டார் சுவிட்சையும் அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன், அப்பாவுக்கு அது எங்கே என்று தெரியவில்லை. அம்மா பக்கத்து வீட்டில் வாளி வாளியாக வாங்கி வந்து பாத்திரம் கழுவினார். அந்தக் காட்சி இன்னும் மனசில் உறுத்துகிறது.

இனிமேல் யாரோ தரும் பெயரை நம்பி வீட்டை விட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். என்னிடம் சொந்த டொமைன் ஒன்று இருக்கிறது. சின்ன விபிஎஸ், அதாவது இணையத்தில் எப்போதும் ஓடும் சர்வர் ஒன்று வாடகைக்கு எடுக்கவும் தயார். பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளை வைத்து நாமே செய்யலாம் என்று படித்தேன், ஆனால் மண்டலம், ஒப்படைப்பு, சாவி என்று படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. செய்து பார்த்தவர்கள் முதலில் இருந்து சொல்வீர்களா? லினக்ஸ் கட்டளை வரி பழக்கம்தான், டிஎன்எஸ் மட்டும் புதிது.

எபேன் இரவு

அண்ணா, வணக்கம். நான் மதுரைக்காரன், எபேனில் இரவுப் பணி, நெட்வொர்க் வேலைதான்.

சர்வர் வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் பாருங்கள். ஃப்ளாக் வீட்டு ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, வான் முகவரி (இணையப் பக்கத்து முகவரி) என்று காட்டும் ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே வீட்டு வைஃபையில் இருந்து உங்கள் ஐபி என்ன என்று சொல்லும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தொடரலாம். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பிக்கும் எண் இருந்தால் உங்கள் வீடு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த எண் வரிசையை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். அப்படி இருந்தால் நீங்கள் எவ்வளவு அழகாக டைனமிக் டிஎன்எஸ் வைத்தாலும் அது காட்டுவது உங்கள் வீட்டுக் கதவு இல்லை, தெருமுனைக் கதவு. உள்ளே வர வழி கிடையாது.

ஆப்பிரிக்கா முழுவதுக்கும் ஐபி முகவரி பங்கிடும் ஆஃப்ரினிக் அலுவலகமே இங்கே எபேனில்தான் இருக்கிறது, ஆனாலும் ஐபிவி4 கையிருப்பு சுருங்கிப்போய் 2017இலிருந்தே அளந்து அளந்துதான் கொடுக்கிறார்கள். அதனால் இன்று நேரடி முகவரி இருந்தாலும் நாளை இப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் விபிஎஸ் எடுக்கப் போகிறீர்கள். பையிலிருந்து விபிஎஸ்ஸுக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளால் பாதுகாப்பான சுரங்க இணைப்பு ஒன்று போட்டு, 25 வினாடிக்கு ஒரு முறை உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வைத்தால் வீட்டு ஐபி என்னவாக மாறினாலும் கவலையே இல்லை, சிஜிநாட்டும் தடை இல்லை. விபிஎஸ் முகவரி நிலையானது, போன் அதை மட்டும் பிடித்தால் போதும். இதற்கு டிஎன்எஸ் சர்வரே தேவைப்படாது.

ஃப்ளாக்_தொட்டி

நன்றி தம்பி. நேற்று மாலை ஃப்ளாக் போய்ப் பார்த்தேன், இரண்டு எண்ணும் ஒன்றுதான். அதனால் நேரடி முகவரிதான்.

வயர்கார்ட் யோசனை புரிகிறது. ஆனால் கேட் பக்கம் ஒரு கேமராவும் வைக்கப் போகிறேன். விபிஎஸ் மலிவாகக் கிடைப்பது ஐரோப்பாவில். ரோஸ் ஹில்லில் இருந்து ஃப்ளாக்கைப் பார்க்கப் படம் கடலைத் தாண்டிப் போய் மறுபடி கடலைத் தாண்டி வர வேண்டுமா? இரண்டு ஊருக்கும் நடுவே காரில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. நேராகப் போகிற வழி இருக்கும்போது நேராகவே போக வேண்டும் என்று ஆசை. பெயர் மட்டும் வெளியில் இருந்தால் போதும்.

சாட்ஸ்வொர்த் டீச்சர்

தம்பி, டர்பனில் இருந்து எழுதுகிறேன். நான் ஐந்து வருடமாக இதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் பட்ட இடங்களோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். டைனமிக் டிஎன்எஸ் என்றதும் ஏதோ தனி மென்பொருள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. டிஎன்எஸ் சர்வருக்கு இந்தப் பெயருக்கு இனி இந்த முகவரி என்று வெளியிலிருந்து செய்தி அனுப்பும் முறை 1997லேயே தரமாக வந்துவிட்டது, ஆர்எஃப்சி 2136. அந்தச் செய்தியை அனுப்புவது உண்மையிலேயே நம் ஆள்தானா என்று கையெழுத்துப் பார்ப்பதற்கு டிசிக் என்று ஒன்று இருக்கிறது. இந்த இரண்டும் பைண்டுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் செய்யப்போவது அவற்றைத் திறந்துவிடுவது மட்டும்தான்.

உங்கள் முழு டொமைனையும் புது சர்வருக்கு மாற்ற வேண்டாம். மின்னஞ்சல் எல்லாம் அதில் ஓடும், அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே வீடு என்று ஒரு கிளை மட்டும் பிரித்து, அந்தக் கிளைக்கு மட்டும் உங்கள் விபிஎஸ் பொறுப்பு என்று சொல்லுங்கள். இதைத்தான் ஒப்படைப்பு என்று படித்திருப்பீர்கள். டொமைன் வாங்கிய இடத்தின் பக்கத்தில் இரண்டே வரி. ஒன்று, விபிஎஸ்ஸுக்கு ஒரு பெயர் வைத்து அதன் நிலையான ஐபியைக் காட்டும் ஏ பதிவு. இரண்டு, வீடு என்ற கிளைக்கு அந்தப் பெயரைச் சுட்டும் என்எஸ் பதிவு. விபிஎஸ்ஸின் பெயரை அந்தக் கிளைக்குள்ளேயே வைக்காதீர்கள், வெளியே மேல் டொமைனில் வையுங்கள். உள்ளே வைத்தால் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க அந்த சர்வரையே கேட்க வேண்டும், அந்த சர்வரைக் கண்டுபிடிக்க அந்தப் பெயர் வேண்டும் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தீர்க்க ஒட்டுப் பதிவு என்று ஒன்று உண்டு, ஆனால் தேவையில்லாத தலைவலி.

விபிஎஸ்ஸில் பைண்ட்9 நிறுவியதும் டிசிக்-கீஜென் கட்டளையைப் பெயரோடு கொடுத்தால் சாவி ஒன்றை அப்படியே அச்சிட்டுத் தரும். அதை அமைப்புக் கோப்பிலும் சேருங்கள், ஒரு பிரதியை பையிலும் வையுங்கள். கோப்பின் அனுமதியை இறுக்குங்கள், அதை யார் படித்தாலும் உங்கள் வீட்டுப் பெயரை வேறு எங்கோ திருப்பிவிடலாம். அப்புறம் அந்தச் சாவிக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில் கை நீளமாக விடாதீர்கள். பலர் அலோ-அப்டேட் என்று ஒரே வரியில் முழு மண்டலத்தையும், அதாவது கிளையில் உள்ள எல்லாப் பதிவுகளையும், திறந்துவிடுகிறார்கள். அப்டேட்-பாலிசி என்பதைப் பயன்படுத்தி, இந்தச் சாவி தொட்டி என்ற ஒரே பெயரை, அதிலும் ஏ பதிவு ஒன்றை மட்டும்தான் மாற்றலாம் என்று எழுதுங்கள். நாளைக்கு கேமராவுக்கு வேறு பெயர் வேண்டும் என்றால் அதற்குத் தனிச் சாவி. பை திருட்டுப் போனாலும் மற்றவை தப்பும்.

ரிகர்ஷன் என்பதை நோ என்று வையுங்கள். உங்கள் சர்வர் உங்கள் கிளையைப் பற்றி மட்டும் பேச வேண்டும், உலகத்தில் உள்ள எல்லாப் பெயருக்கும் பதில் சொல்லப் போனால் அதை வைத்து மற்றவர்கள் மேல் தாக்குதல் நடத்துவார்கள். ஃபயர்வாலில் 53ஆம் போர்ட்டை யூடிபி, டிசிபி இரண்டுக்கும் திறக்க வேண்டும். விபிஎஸ் கொடுத்தவரின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம், அதை மறந்துவிட்டு நான் அரை நாள் சர்வரையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி முக்கியமான இடம், இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் மண்டலக் கோப்பை இடிசி கோப்புறைக்குக் கீழே உள்ள பைண்டில் வைக்காதீர்கள். வெளியிலிருந்து மாற்றம் வந்ததும் பைண்ட் பக்கத்திலேயே ஜேஎன்எல் என்று முடியும் நாட்குறிப்புக் கோப்பு ஒன்றை எழுதும். இடிசியில் எழுத அதற்கு அனுமதி கிடையாது, ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு ஏற்பாடு தடுத்துவிடும். வார், அதற்குள் லிப், அதற்குள் பைண்ட் என்று ஒரு கோப்புறை இதற்காகவே இருக்கிறது, அங்கே வையுங்கள். அதன் பிறகு அந்தக் கோப்பைக் கையால் திருத்தவே கூடாது. திருத்தியே ஆக வேண்டும் என்றால் ஆர்என்டிசி ஃப்ரீஸ் கொடுத்து உறையவைத்து, திருத்திவிட்டு, ஆர்என்டிசி தா என்ற கட்டளை கொடுத்து இளக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு ஒன்று சொல்லும், நாட்குறிப்பு வேறொன்று சொல்லும், பைண்ட் இரண்டையும் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிடும்.

பதிவின் ஆயுட்காலம், அதாவது மற்ற சர்வர்கள் பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம், 60 வினாடி போதும். மண்டலத்தின் தலைப்பான எஸ்ஓஏ பதிவின் கடைசி எண்ணையும் 60 ஆக்குங்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெயரை உருவாக்குவதற்கு முன்னால் ஆர்வத்தில் ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டால், இல்லை என்ற பதிலையும் இடையில் உள்ள சர்வர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த எண் ஒரு நாள் என்று இருந்தால் நீங்கள் எல்லாம் சரியாகச் செய்த பிறகும் மணிக்கணக்கில் இல்லை இல்லை என்றே வந்துகொண்டிருக்கும்.

பை பக்கம் பைண்ட் முழுவதும் வேண்டாம், பைண்ட்9-டிஎன்எஸ்யுட்டில்ஸ் தொகுப்பு போதும், அதில் மாற்றச் செய்தி அனுப்பும் என்எஸ்அப்டேட்டும் பெயரைத் தேடிப் பார்க்கும் டிக்கும் இருக்கின்றன. தன் வெளி முகவரி என்ன என்று பைக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்தது 192.168 என்று தொடங்கும் வீட்டு உள் முகவரி மட்டும்தான். அதற்கும் வெளியாரை நம்ப வேண்டாம், விபிஎஸ்ஸில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் போட்டு, கேட்டவரின் முகவரியைத் திருப்பிச் சொல்லும் ஒரே வரிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கர்ல் கட்டளையில் ஐபிவி4 மட்டும் என்று சொல்லிக் கேளுங்கள். வந்த எண்ணும் உங்கள் சர்வரில் இப்போது இருக்கும் எண்ணும் ஒன்றானால் சும்மா இருக்கட்டும், வேறானால் பழைய ஏ பதிவை நீக்கு, புதியதைச் சேர், அனுப்பு. பத்து வரி ஸ்கிரிப்ட்தான்.

சாந்தாந்த்ரே வாசி

ரியூனியனில் இருந்து ஒரு வார்த்தை. டீச்சர் சொன்னது எல்லாம் சரி, பெயர் வீட்டைக் காட்டும். ஆனால் பெயர் காட்டும் கதவில் என்ன நிற்கிறது என்பதுதான் என் கவலை. மோட்டார் ரிலே பக்கத்தையோ, கேமராவின் பக்கத்தையோ ரவுட்டரில் போர்ட் திறந்து நேராக வெளியே விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பெயர் தெரியாதவர்கள் வர மாட்டார்கள் என்று நினைப்பது தவறு, ஐபி எண்களை வரிசையாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

2016 அக்டோபர் 21 ஞாபகம் இருக்கிறதா? மிராய் என்ற புழு, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களிலும் படம் பதியும் டிவிஆர் பெட்டிகளிலும் புகுந்து, அவற்றை எல்லாம் சேர்த்து ஒரே சமயத்தில் டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் ஏவியது. பெரிய பெரிய தளங்கள் எல்லாம் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்த டின் யார் என்றால், வீடுகளுக்கு டைனமிக் டிஎன்எஸ் கொடுத்துத் தொடங்கியவர்கள். அவர்களுடைய இலவசச் சேவை 2014இலேயே நின்றுபோயிருந்தது. வீட்டுக் கேமராவுக்குப் பெயர் கொடுத்தவர்களை வீட்டுக் கேமராக்களே வந்து அடித்தன. எனக்கு அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை, மறுநாள் காலையில் முதல் வேலையாக ரவுட்டரில் திறந்து வைத்திருந்த நான்கு போர்ட்டையும் மூடினேன்.

அதனால் எபேன் தம்பி சொன்ன வயர்கார்டையும் டீச்சர் சொன்ன டிஎன்எஸ்ஸையும் சேர்த்துவிடுங்கள். வயர்கார்ட் விபிஎஸ்ஸில் வேண்டாம், பையிலேயே இருக்கட்டும். ரவுட்டரில் யூடிபி 51820 ஒன்றை மட்டும் பைக்குத் திருப்புங்கள். போனில் வயர்கார்டின் முனை முகவரியாக உங்கள் பெயரைக் கொடுங்கள். சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது, அங்கே கதவு இருப்பதே தெரியாது. படமும் ரோஸ் ஹில்லில் இருந்து ஃப்ளாக்குக்கு நேராகவே போகும், கடல் தாண்டாது.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். வயர்கார்ட் பெயரைத் தேடுவது தொடங்கும்போது ஒரு முறைதான். இடையில் வீட்டு ஐபி மாறினால் அது பழைய எண்ணையே பிடித்துத் தொங்கும். போனில் ஒரு முறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். எப்போதும் இணைந்திருக்கும் லினக்ஸ் கணினி என்றால் வயர்கார்ட் கருவிகளோடு வரும் ரீரிசால்வ் டிஎன்எஸ் ஸ்கிரிப்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ளாக்_தொட்டி

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சனி ஞாயிறு இரண்டு நாளும் ஃப்ளாக்கில் உட்கார்ந்தேன், அம்மா தேநீர் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

விபிஎஸ் ஜோஹன்னஸ்பர்க்கில் எடுத்தேன், பெயர் கேட்கப் போகிற இடமாவது கிட்டத்தில் இருக்கட்டும் என்று. மெட்டிஸ் கடலடி கேபிள் நம்மையும் ரியூனியனையும் மடகாஸ்கரையும் தென்னாப்பிரிக்காவோடு இணைக்கிறது இல்லையா. ஒப்படைப்பு முதல் தடவையிலேயே வேலை செய்தது. டிக் ட்ரேஸ் கொடுத்ததும் மேலிருந்து படிப்படியாக இறங்கி வந்து கடைசியில் என்னுடைய சர்வர் பதில் சொன்னதைப் பார்த்தபோது, உண்மையாகச் சொல்கிறேன், கண் கலங்கியது. ஜேஎன்எல் விஷயம் டீச்சர் சொல்லாவிட்டால் நிச்சயம் மாட்டியிருப்பேன், படித்த இரண்டு வழிகாட்டியும் இடிசியில்தான் வைக்கச் சொன்னது.

ஆனால் இப்போது வேறு இடத்தில் நிற்கிறது. ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் ஓடுகிறது. பை எழும்போது தானாக ஓடும்படி, வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ரீபூட் வரியில் போட்டேன். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பார்க்க ரவுட்டர், பை இரண்டின் மின்சாரத்தையும் பிடுங்கிவிட்டு, சாப்பிட்டு, அப்பாவோடு கொஞ்சம் பேசிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி போட்டேன். வீட்டு ஐபி மாறியிருக்கிறது, பெயர் மாறவில்லை. பதிவேட்டில் அப்டேட் ஃபெயில்டு, நாட்ஆத், அடைப்புக்குறிக்குள் பேட்டைம் என்று இருக்கிறது. சாவி சரிதான், கையால் ஓட்டினால் அதே சாவி வேலை செய்கிறதே?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அப்பா தன் போனில் தொட்டிப் பக்கத்தை அதே பெயரில் திறக்கப் பார்த்தார், வீட்டு வைஃபையில் இருக்கும்போது வரவே இல்லை. நான் வெளியே போய் வயர்கார்டில் வந்தால் வருகிறது.

சாட்ஸ்வொர்த் டீச்சர்

தம்பி, பேட்டைம் என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய கோபமும் வந்தது. சாவியில் ஒன்றும் இல்லை. உங்கள் பையின் கடிகாரத்தைப் பாருங்கள்.

பை 4இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. அணையும்போது நேரம் நின்றுவிடும். ஃபேக்-எச்டபிள்யூகிளாக் என்பது கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தை எடுத்துக்கொண்டு எழும், குறிப்பதும் மணிக்கு ஒரு முறைதான். நீங்கள் இரண்டு மணி நேரம் பிடுங்கி வைத்தீர்கள், ஆகவே எழுந்ததும் அது குறைந்தது இரண்டு மணி நேரம் பின்னால் இருந்தது. டிசிக் கையெழுத்தில் நேரமும் ஒரு பகுதி, பழைய செய்தியை யாராவது பிடித்து வைத்து மறுபடி அனுப்பாமல் இருக்க அந்த ஏற்பாடு. இரு பக்கக் கடிகாரத்துக்கும் 300 வினாடி, அதாவது ஐந்து நிமிடம்தான் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் சாவி சரியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடும். ரவுட்டர் எழுந்து இணையம் வந்து பை தன் நேரத்தைச் சரிசெய்வதற்குள் உங்கள் ஸ்கிரிப்ட் ஓடித் தோற்றுப் படுத்துவிட்டது. நீங்கள் கையால் ஓட்டும்போது நேரம் எப்போதோ சரியாகியிருக்கும்.

இங்கே 2022, 2023இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டரை மணி நேரம் வரை கரண்ட் இருக்காது. நானும் உங்களைப் போல எழும்போது மட்டும் ஓடும்படி வைத்திருந்தேன். காலையில் போனால் மாலையில் நான் பள்ளியிலிருந்து வந்து கையால் ஓட்டும் வரை பெயர் செத்துக் கிடக்கும். மூன்று வாரம் சாவியை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு நாள் இருட்டில், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டைப் படிக்கும்போது வரியின் இடப்பக்கம் உள்ள நேரத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். மணி எட்டரை. பதிவேடு ஆறு மணி என்கிறது.

அதனால் ரீபூட் வரியை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடட்டும், ஒரு தடவை தோற்றாலும் அடுத்ததில் ஜெயிக்கும். முடிந்தால் சிஸ்டம்டி டைமராகப் போட்டு, டைம்-சிங்க் டார்கெட்டுக்குப் பிறகுதான், அதாவது நேரம் சரியான பிறகுதான், ஓட வேண்டும் என்று எழுதுங்கள், அதற்கு டைம்-வெயிட்-சிங்க் சேவையையும் இயக்கி வைக்க வேண்டும், அது இல்லாமல் அந்த வரிக்குப் பலன் இல்லை. நான் இவை இரண்டும் செய்துவிட்டு டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரச் சில்லையும் பொத்தான் பேட்டரியோடு செருகிவிட்டேன், விலை மிகக் குறைவு. அன்றிலிருந்து பேட்டைம் என்ற வார்த்தையைப் பார்க்கவில்லை.

அப்பா விஷயத்தை எபேன் தம்பி சொல்லட்டும், அவருக்கு ரவுட்டர் பழக்கம்.

எபேன் இரவு

அண்ணா, வீட்டுக்குள் இருந்து வெளி முகவரியைக் கூப்பிட்டால், பாக்கெட் ரவுட்டர் வரை போய்த் திரும்பி உள்ளேயே வர வேண்டும். பல வீட்டு ரவுட்டர்கள் அப்படித் திருப்பத் தெரியாமல் விட்டுவிடும். அதோடு நீங்கள் இப்போது வயர்கார்ட் போர்ட்டை மட்டும்தானே திறந்திருக்கிறீர்கள், தொட்டிப் பக்கத்தின் போர்ட் வெளியே மூடித்தான் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

பையில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன டிஎன்எஸ் சர்வர் போட்டு, அந்தப் பெயரைக் கேட்டால் பையின் 192.168 முகவரியைச் சொல் என்று ஒரு வரி எழுதுங்கள். பைக்கு ரவுட்டரில் நிலையான உள் முகவரி ஒதுக்கி, வீட்டுக் கருவிகள் எல்லாம் பையிடம்தான் பெயர் கேட்க வேண்டும் என்று, கருவிகளுக்கு உள் முகவரி பங்கிடும் டிஎச்சிபியில் கொடுங்கள். அப்புறம் அப்பா வீட்டுக்குள் அதே பெயரைத் தட்டினால் நேரே பைக்குப் போகும். பை கெட்டால் வீட்டு இணையமே நின்ற மாதிரி தெரியும், அது ஒன்றுதான் இதில் குறை, அப்பாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஸ்கிரிப்ட் மட்டும் டிஎன்எஸ்மாஸ்க்கைக் கேட்காமல் விபிஎஸ்ஸை நேராகக் கேட்க வேண்டும், டிக்கில் அட் குறி போட்டு சர்வர் பெயரைக் கொடுங்கள். இல்லையென்றால் 192.168ஐப் பார்த்து, முகவரி மாறிவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு ஐந்து நிமிடமும் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஃப்ளாக்_தொட்டி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

டைமர் போட்ட பிறகு மூன்று முறை மின்சாரத்தைப் பிடுங்கினேன், ஒரு முறை இரவு முழுக்க. மூன்று முறையும் இணையம் வந்து ஆறு நிமிடத்துக்குள் பெயர் புது முகவரிக்கு வந்துவிட்டது. கடிகாரச் சில்லு போர்ட் லூயிஸில் ஒரு கடையில் கிடைத்தது, இந்த வாரம் செருகுகிறேன். டிஎன்எஸ்மாஸ்க் போட்டதும் அப்பா போனிலும் பக்கம் வருகிறது. பெயரைத் தமிழிலேயே தொட்டி என்று வைத்துப் பார்த்தேன், மண்டலத்தில் அது எக்ஸ்என் என்று தொடங்கும் நீண்ட எழுத்துக் கூட்டமாகத்தான் போகிறது, ஆனால் அப்பா தமிழில் தட்டினால் பிரவுசர் தானாக மாற்றிக்கொள்கிறது. ஸ்கிரிப்டில் மட்டும் மாற்றிய வடிவத்தையே எழுதினேன்.

மோட்டார் சுவிட்சை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து, சமையலறை வாசல் பக்கம் அப்பா கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிட்டேன். ஏணியைக் கழற்றிக் கொட்டகையில் சாய்த்தாயிற்று. இப்போது இதை எழுதும்போது தொட்டியில் 62 சதவீதம் என்று காட்டுகிறது, அரை மணி நேரத்துக்கு முன்னால் 40 இருந்தது. நான் மோட்டார் போடவில்லை. அப்பாதான் போட்டிருக்கிறார்.